புகை போட்ட குடில்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. வீட்டில் அம்மாவும் நானும் நடமாட்டமாக இருக்கிறோம், சாப்பிடுகிறோம், வேலைக்குப் போய் வருகிறோம், அந்த மட்டில் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறதா, கை நடுங்குகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் மறைக்காதே. இதையெல்லாம் அப்பா எங்கே கற்றுக்கொண்டார் என்று யோசிப்பாய். ஆஸ்பத்திரியில் உன் சிநேகிதி குருவியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் பாப்பா. அவளுக்கு வைத்தியம் செய்கிற டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீ போனில் ஒன்றுமே சொல்லவில்லை. எப்போதும் "என்னப்பாஆ" என்று இழுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறவள், அன்றைக்கு "ஆமாப்பா, சரிப்பா, நல்லா இருக்கேன்பா" என்று பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாய். தொண்டை ஏன் கட்டியிருக்கிறது என்றதற்குச் சளி என்றாய். ஏன் உன் போனிலிருந்து பேசவில்லை என்றதற்குப் பண்ணையில் எல்லோர் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், இனிமேல் ஆபீஸ் ரூமிலிருந்துதான் பேச வேண்டும் என்றாய். பக்கத்தில் யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. போனை வைத்ததும் அம்மாவிடம் சொன்னேன், பாப்பா தனியாகப் பேசவில்லை என்று. அம்மா வழக்கம்போல, உங்களுக்குக் கொசு கடித்தாலும் பாம்பு என்றுதான் தோன்றும் என்றாள். ஆனால் அவளும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

நீ தோட்டக்கலை படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அத்தை, "செடிக்குத் தண்ணி ஊத்தறதுக்கு ஒரு காலேஜா" என்று சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நானும் சேர்ந்து சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெரிய நிம்மதி. லிஃப்ட் மெக்கானிக்காக என் ஆயுசில் பாதி, கிணறு மாதிரியான இருட்டுக்குள் கயிற்றையும் சக்கரத்தையும் பிடித்துக்கொண்டே கழிந்துவிட்டது. என் மகள் வெளிச்சத்தில் இலைக்கும் பூவுக்கும் நடுவில் நிற்பாள், மிஞ்சிப்போனால் ஒரு முள் குத்தும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். உன் கூடப் படிக்கிறவர்கள் பாதிப்பேர் படிப்பை மூட்டை கட்டிவிட்டு வங்கித் தேர்வுக்குத் தயாராகிறார்கள், நீயும் குருவியும் மட்டும் செடியை விடமாட்டோம் என்று நிற்கிறீர்கள் என்று சொன்னாயே, அப்போதுகூடப் பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய பண்ணையில் கடைசி வருடப் பயிற்சி கிடைத்து, கிளையோடு கிளை சேர்த்து ஒட்டுக் கட்டும் பிரிவில் உனக்கு வேலையும் உறுதி என்று அவர்கள் சொன்னதும் நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். நான் வேலைக்குப் போகிற கட்டடத்து வாட்ச்மேன் கூட இப்போது என்னைப் பார்த்தால் ரோஜாவுக்கு என்ன உரம் போடலாம் என்று கேட்கிறார்.

அந்தப் போனுக்கு அப்புறம் உங்கள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார், பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கிறாரே, நீங்கள் தலையாட்டி சார் என்பீர்களே, அவர்தான். குரலில் அப்படி ஒரு தேன். உங்கள் பெண் கெட்டிக்காரி, எதிர்காலம் பிரகாசமாக இருக்கிறது என்று ஆரம்பித்து, வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, அந்தப் பெண் கொஞ்ச நாளாகவே மனசு உடைந்து இருந்தாளாம், ஏதோ செய்துகொண்டாள் போலிருக்கிறது, விசாரணை என்று ஒன்று வைக்கிறோம், உங்கள் பெண் அவளோடு ஒரே அறையில் இருந்தவள், அவள் மனக்கஷ்டத்தில் இருந்தாள் என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் எல்லோருக்கும் நல்லது, "அவ கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறா, அப்பாவா நீங்க எடுத்துச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய மனிதர் பேசுகிறார் என்ற நடுக்கத்தில் சரிங்க சார், சரிங்க சார் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. நீ எதற்கோ மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குருவியின் அம்மா வீட்டுக்கு வந்தார். தையல் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்தவர் மாதிரி கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுக்கக்கூட மறந்திருக்கிறார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "அண்ணே, ஒரு தடவை வந்து எம்பொண்ணப் பாருங்க, பாத்துட்டு உங்களுக்கு என்ன தோணுதோ அதச் செய்யுங்க" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அம்மாவும் நானும் அவரோடேயே கிளம்பிப் போனோம்.

ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போய் நிஜமாகவே குருவியாகிவிட்டாள். என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அங்கிள், நான் எதையும் குடிக்கல." வணக்கம் இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை. தரை துடைக்க வருகிறவரிடமும், பக்கத்துக் கட்டில் பாட்டியைப் பார்க்க வருகிறவர்களிடமும்கூட இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியும்டா, தெரியும்டா என்றாள். பிறகுதான் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இது, தப்பிருந்தால் நேரில் திருத்து. அவள் விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பெரிய பசுமைக்குடிலை நாலு பக்கமும் மூடிப் பூச்சிக்குப் புகை மருந்து போட்டிருக்கிறார்கள். உள்ளே போகக் கூடாது என்று கதவில் பலகையும் தொங்கியிருக்கிறது. பக்கத் திரைகளையெல்லாம் தூக்கி நன்றாகக் காற்றாட விட்ட பிறகுதான் யாரும் நுழைய வேண்டும் என்று உங்களுக்குப் பாடமே இருக்கிறதாம். பூ வாங்குகிறவரின் லாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றுவிட, மேற்பார்வையாளர் தன் கையாலேயே பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே போய் வெட்டுங்கள் என்றிருக்கிறார். நேற்றுத்தானே சார் புகை போட்டீர்கள், இன்னும் திரையே தூக்கவில்லையே என்று நீ கேட்டாயாம். "அதெல்லாம் எப்பவோ போயாச்சு, நீ போய் ஒட்டுக் கட்டுற வேலையப் பாரு" என்று உன்னை வெளியே கொட்டகைக்கு அனுப்பிவிட்டாராம். மற்றவர்கள் கதவுப் பக்கத்து வரிசையில் வெட்டிவிட்டுத் தலைவலி என்று வெளியே வந்துவிட்டார்கள். குருவிக்குக் கிடைத்தது கடைசி வரிசை. கண் இருட்டி, வாயில் நுரை மாதிரி எச்சில் வழிந்து விழுந்தது வரைதான் அவளுக்கு ஞாபகம். அதற்குப் பிறகு ஒரே ஒரு ஞாபகம், நீ அவளுடைய இரண்டு கையையும் பிடித்து மண்ணில் இழுத்துக்கொண்டு போனது. "அவ அழுதுக்கிட்டே திட்டினா அங்கிள், எருமை, கண்ணத் திற, எருமை, கண்ணத் திறன்னு." வெளியே வந்ததும் நீயும் வாந்தி எடுத்தாயாம். இதைக் கேட்டபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் மகள் அந்தப் புகைக்குள் போனாள். போய்விட்டு வந்து என்னிடம் சளி என்கிறாள்.

பண்ணைக்காரர்கள் முதலில் ஒரு சின்ன கிளினிக்கில் போட்டு, சாப்பிடாமல் மயங்கிவிட்டாள் என்று குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். மூச்சு திணறவும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அங்கே ஒரு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, இது பசி மயக்கம் இல்லை, பூச்சிமருந்து என்று கண்டுபிடித்து ஊசி போட்டாராம். அதனால்தான் பிழைத்தாள். விஷம் என்று டாக்டர் எழுதினாரோ இல்லையோ, பண்ணையில் கதையை மாற்றிவிட்டார்கள். பசியில் விழுந்தவள் இப்போது தானே மருந்தைக் குடித்தவளாகிவிட்டாள். எங்கள் வேலையில் சுவிட்சில் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பலகை தொங்கினால், தொங்கவிட்டவனைத் தவிர யாரும் அதைத் தொடமாட்டோம், முதலாளியே கத்தினாலும் தொடமாட்டோம். இவர்கள் பலகையைக் கழற்றியது போதாதென்று, விழுந்த பெண்ணின் பேரையும் கெடுக்கிறார்களே பாப்பா.

நாங்கள் கிளம்புகிற சமயத்தில் அவள் தலையணைக்கு அடியிலிருந்து இரண்டு குச்சியையும் ஒட்டுக் கட்டுகிற நாடாவையும் எடுத்தாள். பழகிப் பார்க்கிறாளாம். குச்சியோடு குச்சி சேர்த்து நாடாவைச் சுற்றப் போனால் விரல் நடுங்கி நடுங்கி நாடா நழுவுகிறது. வகுப்பிலேயே இவள் கட்டினால்தான் ஒட்டு பிடிக்கும் என்று நீ சொல்வாயே. நடுக்கம் மெல்ல மெல்லக் குறையும் என்று டாக்டரம்மா சொல்கிறார், எவ்வளவு குறையும் என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறார். நாடா மூன்றாவது தடவையும் விழுந்தபோது குருவியின் அம்மா குனிந்து எடுத்துக் கொடுத்தார், அவள் முகத்தைப் பார்க்காமலேயே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நான் பயந்ததையெல்லாம் அம்மாவிடம் கொட்டினேன். உனக்கும் மறைக்காமல் எழுதுகிறேன். நீ பார்த்ததைச் சொன்னால் அந்த வேலை போகும். தலையாட்டி சார் மதிப்பெண்ணில் கை வைப்பார். அந்தப் பண்ணை முதலாளிக்கு எல்லாப் பண்ணையிலும் ஆள் இருக்கும், இவளை எடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை போதும். நாளைக்கு உன்னைப் பற்றியும் ஏதாவது கதை கட்டுவார்கள். இதெல்லாம் எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இதைவிடப் பெரிய பயம், நீ அவர்கள் கூரையின் கீழே படுத்துக்கொண்டு, அவர்கள் போடுகிற சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, அவர்களுக்கு மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்பது. நான் பேசி முடிக்கும் வரை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கையெழுத்துப் போடச் சொல்லப் போறீங்களா" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப போய்ப் புள்ளயக் கூட்டிட்டு வாங்க" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். "பயந்துக்கிட்டே போங்க. பஸ்ஸுல பயந்தவங்களையும் ஏத்திப்பாங்க" என்றாள்.

அதனால் இந்தக் கடிதத்தை நான் வீட்டிலிருந்து எழுதவில்லை பாப்பா. உன் பண்ணை வாசலுக்கு நேர் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். குருவியின் சாமான்களை எடுத்துப்போக அவள் அம்மாவை மட்டும் உள்ளே விடுகிறார்களாம், என்னைப் பார்த்ததும் காவல்காரர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். வேலை நேரத்தில் வெளி ஆம்பளைகள் கூடாதாம். நீ எங்கள் கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். நான் வந்திருப்பதையே உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதுதான் இவ்வளவையும் எழுதி குருவியின் அம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன். சேலை மடிப்புக்குள் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

இதைப் படித்ததும் அங்கே யாரோடும் வாக்குவாதம் வேண்டாம். அவர் குருவியின் பெட்டியைக் கட்டும்போது நீ உன்னுடையதையும் கட்டு. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அப்பா வெளியே இருக்கிறார், அவரைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்று சொல், பழியை என் மேல் போடு, அதற்குத்தானே அப்பா. போனைத் தரவில்லை என்றால் விட்டுவிடு, அதற்காக நிற்காதே. வெளியே வந்ததும் முதலில் ஆஸ்பத்திரி, உன் கண்ணையும் மூச்சையும் பார்த்துச் சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் கல்லூரி. தலையாட்டி சாரிடம் இல்லை, முதல்வரின் அறைக்கே நீ, நான், குருவியின் அம்மா மூன்று பேருமாகப் போவோம். நீ பார்த்ததைச் சொல். பலகையை யார் கழற்றினார், நீ என்ன கேட்டாய், அவர் என்ன சொன்னார், அவளை எங்கேயிருந்து இழுத்து வந்தாய், அவ்வளவுதான், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். நான் பக்கத்தில் நிற்பேன். என் கால் ஆடினால் கவனிக்காதே, பேசிக்கொண்டே போ. செடி வேலை இந்த ஒரு வாசலுக்குள் மட்டும் இருப்பதாக இவர்கள் நினைக்கிறார்கள், நீ அப்படி நினைக்காதே.

குருவியின் அம்மா எழுந்துவிட்டார், காவல்காரர் சின்னக் கதவைத் திறக்கிறார். கண்ணும் கையும் மூச்சும் ஒரு குறையில்லாமல், தொட்ட கிளையெல்லாம் துளிர்க்க, நீ வெகுகாலம் நன்றாக இருக்க வேண்டும் என் தங்கமே. மறந்துவிடாதே, அன்றைக்குக் குடிலுக்குள் போட்டிருந்த உடுப்பைத் துவைக்காமல் வைத்திருந்தால் தனிப் பையில் இறுக்கிக் கட்டி எடுத்து வா, வெறுங்கையால் தொடாதே, மருந்து அதில் ஒட்டியிருக்கும், அதுவே சாட்சியும் ஆகும் என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். வாசலைத் தாண்டும்போது ஓடாதே, நடந்தே வா. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ரோட்டுக்கு இந்தப் பக்கம், நீலச் சட்டையில்,
உன் அப்பா.