திரைக்கு இந்தப் பக்கம்

மார்ச் 4

இவர் கன்னத்தில் ஆறாமல் கிடந்த புண், தோல் புற்றுநோயாம். டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "மேலோட்டமாத்தான் இருக்கு. எண்பது வயசு, இதயத்துக்கு வேற மாத்திரை சாப்பிடுறார். கத்தி வேணாம், உறைய வெச்சே அழிச்சிடலாம்." இவர் முடிவெட்டப் போகிறவர் போலத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

மார்ச் 11

உறைய வைத்தார்கள். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார் இவர். நடுவில் ஒரு திரைதான். புஸ்ஸென்று சத்தம். பிறகு இவர் குரல்: "வலிக்குது கண்ணு. கையப் பிடிச்சுக்கோ."

கண்ணு. உள்ளே இருந்த நர்ஸை. பேத்தி வயதுதான் அவளுக்கு, தெரிகிறது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நான் வெறும் 'இந்தா'.

வெளியே வந்தவரிடம் "வலிச்சுதா?" என்றேன். "ஒண்ணுமில்ல."

மார்ச் 12

திராட்சை அளவுக்குக் கொப்புளம். கிட்டே போய்ப் பார்க்கக்கூட விடவில்லை.

மார்ச் 14

கட்டு மாற்றப் போனோம். இஸ்திரி போட்ட சட்டை. இருக்கிற நாலு முடிக்கு எண்ணெய் வேறு. தூக்கம் வரவில்லை, செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது — அவளிடம் சொல்கிறார். பக்கத்தில் படுத்திருக்கிறவள் நான்தானே? எனக்கு வயிறு எரிகிறது. எரிந்தால் என்ன இப்போது? நோயாளியின் கையைப் பிடித்தவள் மேல் பொறாமை... நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 18

இன்றும் போக வேண்டிய நாள். அவளைப் பார்க்கப் போகிறோமே என்று முகச்சவரம் செய்திருக்கிறார், கொப்புளத்தின் மேலேயே. உடைக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கழுத்து வரை ரத்தம்.

"போங்க, உங்க கண்ணுகிட்டயே போய்க் காட்டுங்க."

சொல்லிவிட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். அவள்தான் எடுத்தாள். "பயப்படாதீங்கம்மா. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க. ரத்தம் நின்னதும் கழுவி, வாஸ்லின் தடவிக் கட்டு போட்டு, மெதுவா கூட்டிட்டு வாங்க." தங்கமாகத்தான் பேசினாள். அதுவும் பிடிக்கவில்லை.

துண்டை வாங்கி அழுத்தினேன்.

"இந்தா, மெதுவா. வலிக்குது."

என்னிடம்தான் சொன்னார். "இத்தன நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அந்தப் பொண்ணு அழாது."

அழுதேன்.

"பாத்தியா" என்றார்.

ஏப்ரல் 22

கன்னம் ஆறிவிட்டது. பொருக்கு உதிர்ந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. ஆனால் காது மடலில் சின்னதாக இன்னொன்று. இன்றே உறைய வைத்துவிடலாம் என்றார் டாக்டர். பழக்க தோஷம், நான் வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

நர்ஸ் திரையை விலக்கினாள். "எப்படி இருக்கே கண்ணு?" என்று அவளைக் கேட்டார். அவள் இன்னும் கண்ணுதான். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தா, அங்க என்ன பண்றே? உள்ள வா" என்று கையை நீட்டினார்.

புஸ்ஸென்ற சத்தம் முடியும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அழவில்லை.