வாதம் இல்லையாம்

நெல்லையப்பா,

நானும் சித்தப்பாவும் அப்பாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போதோம். இங்க டாக்டர் பாத்துட்டாரு, வாய் கோணினது வாதம் இல்லையாம். காதுச் சீழ் மண்டையோட்டு அடி எலும்புக்குள்ள இறங்கிட்டாம். சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு அப்படி அரிக்குமாம். பென்சிலின் ஊசிக்கும் கேக்கலை.

வாதம்னு நம்பி, எண்ணெய் தேய்ச்சுக் குத்தாலத்து அருவியில நிறுத்தினோம். டாக்டர்ட்ட காட்டுங்கன்னு நீ கத்தினே. அதுலேருந்து அப்பா உன்கிட்ட முகங்கொடுத்துப் பேசலை. இப்பப் பேச நினைச்சாலும் நாக்கு புரளலை.

அடுக்களையில சோறும் புளிமிளகாயும் மூடி வச்சிருக்கு. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, சாப்பிட்டு, ராத்திரி ரயிலுக்கு வந்துரு. கோவம் தீராட்டாலும் வா, ஐயா.

அம்மா

பொழைப்பாங்களான்னு டாக்டர்ட்ட கேட்டேன். அதுக்கு அவர், “மூத்த மகன் எங்கம்மா?”ன்னு கேட்டாரு.