டிராக்டரை எடைக்குப் போட வேண்டாம்

என்னங்க,

பழைய இரும்புக்காரர் மறுபடி வந்தால் டிராக்டரில் கை வைக்க விடாதீர்கள். "இஞ்சின் இறுகிப்போச்சு, எடைக்குத்தான் போடணும்" என்று நேற்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் கொட்டகைக்குப் போய் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினேன். அதன் பல்சக்கரம்தான் பின்வாங்காமல் இஞ்சின் பல்லில் சிக்கிக் கிடந்தது. அப்புறம் இஞ்சின் முன்பக்க போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு இழுத்தேன். இஞ்சின் தடையில்லாமல் சுற்றியது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

மோட்டாரோடு மெக்கானிக்கிடம் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

"உனக்கு என்னடி தெரியும்" என்று நேற்று அந்த இரும்புக்காரர் முன்னால் கேட்டீர்களே, அதை வந்து பேசிக்கொள்கிறேன்.

பி.கு: நேற்று வண்டியோடு மல்லுக்கட்டியதில் உங்கள் தோள் பிடித்துக்கொண்டது போல. இரவெல்லாம் முனகினீர்கள். தைலம் தலைமாட்டில் இருக்கிறது, தேய்த்துக்கொள்ளுங்கள். கோபம் தீர்ந்துவிட்டதென்று மட்டும் நினைக்க வேண்டாம்.