மனைவியின் பெயர் எழுதும் இடம்

அக்கா,

போட்டோவின் பின்னால் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். வீட்டுக் கடன் மனுவின் நகலை மச்சான் இன்று டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தார். நீயும் அவரும் ஜோடியாக எடுத்த படம் கழன்று என் மடியில் விழுந்தது. கோந்து எதற்கு என்று நீ பருக்கையை நசுக்கி ஒட்டிய படம்.

நாம் மூன்று பேரும் இருந்த கோரிப்பாளையத்து ஒண்டுக்குடித்தனத்தில் வீட்டுக்காரம்மா குழாயைப் பூட்டிவிட்டுப் போகும் நாளெல்லாம் சொல்வாய்: "நமக்குன்னு ஒரு கொழா இருக்கணும்டி. அம்புட்டுத்தான் ஆசை." அழகர்கோவில் சாலையில் அரசாங்கம் வீடு கட்டிக் கடனில் தருகிறது என்று மச்சான் மில்லில் கேட்டு வந்தார். கல்யாணமானவர்களுக்கு மட்டும்தான். புருஷன், பெண்டாட்டி இருவர் பேரிலும் வீடோ மனையோ இருக்கக் கூடாது. "ஒண்ணும் இல்லாததுக்கும் ஒரு மவுசு வந்திருச்சு பாரு" என்று சிரித்தாய். அன்று அந்தச் சந்தோஷத்தில் நீ சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் நம் வீட்டில் கையெழுத்து அழகாக இருப்பது எனக்குத்தான் என்று மனுவை என்னை நிரப்பச் சொன்னாய். ஆபீசுக்கும் கூட்டிப் போனாய். மச்சான் ஸ்டாம்பு வாங்கப் போயிருந்த நேரத்தில் கிளார்க் தலை நிமிராமல் கேட்டார், "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் நீ. என் முழங்கையை இடித்தாய். வெளியாட்களிடம் வாயே திறக்காத நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். குரல் வந்த பக்கமாகப் பேனாவை நீட்டினார் அவர். "மனைவி இங்க கையெழுத்துப் போடும்மா."

"ஐயா, நாந்தாங்க பொண்டாட்டி. இது எந் தங்கச்சி."

வரிசையில் நின்ற பெரியவர் விடவில்லை. "தாயி, இப்பிடி வெக்கப்பட்டா வீடு தங்கச்சிக்குப் போயிரும்." எல்லாரும் சிரித்தார்கள். நீ பஸ்ஸிலும் சிரித்துக்கொண்டே வந்தாய். எனக்குத்தான் முகமெல்லாம் எரிந்தது.

பங்குனியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாள்தான்.

முந்தாநாள் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. குலுக்கலில் நம் மனுவுக்கு வீடு விழுந்திருக்கிறது. கூட வந்த பாரத்தில் மனைவியின் பெயரை மறுபடி எழுதி அனுப்ப வேண்டும். பிறகு இருவரும் நேரில் போக வேண்டும். மனைவி இல்லாத ஆளுக்கு வீடு கிடைக்காது என்று மச்சான் விசாரித்து வந்தார். சேதி கேட்டு அம்மா நேற்று சோழவந்தானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

"ஆடி கழியட்டும். ஆவணி மொத முகூர்த்தத்துல தாலியக் கட்டிட்டா இவதான பொண்டாட்டி? ஊர்ல நடக்காததா? அக்கா ஆசப்பட்ட வீடு வேத்தாளுக்குப் போகணுமா?"

"அவளக் கேளுங்க அத்தை" என்றார் மச்சான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அவள என்னத்தக் கேக்க? அவ என்னைக்கு வாயத் தொறந்தா?"

மச்சான் கெட்டவர் இல்லை, அக்கா. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ இருந்தபோது எனக்கும் சேர்த்துத்தான் பூ வாங்கி வருவார். இப்போது நான் சோறு வைத்தால் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு வெளியே போய்விடுகிறார். அம்மா உன் சேலைகளை எனக்கென்று மடித்து வைத்துவிட்டாள். ஆசைப்பட்டது நீ. அந்த வீட்டை நான் இல்லாமல் ஆக்கலாமா என்று ராத்திரியெல்லாம் உன்னைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

இன்று அம்மா பாரத்தை என் முன்னால் வைத்தாள். "எழுதுடி, ஒம் பேர."

மனைவியின் பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். பக்கத்தில் 'காலமானார்' என்று எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்குத் தாளை மச்சான் பக்கம் திருப்பி வைத்தேன்.