புது வண்டியைக் குளிப்பாட்டிய நாள்

அன்புள்ள மார்லாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சேதாரமில்லாமல் இருக்கிறோம். அங்கே உன் பத்து விரலும் நலம்தானே? அந்த மீன் வெட்டும் இயந்திரத்தின் பக்கம் நிற்கும்போதெல்லாம் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள். கையெழுத்து டாபியுடையது என்று பார்த்ததும் திடுக்கிட்டிருப்பாய். என் வலது மணிக்கட்டு சுளுக்கிக் கட்டுப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுகிறான், இடையில் அவன் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் நான் பொறுப்பில்லை. (சேர்க்காவிட்டால் பாதியில் தூங்கிவிடுவாய், அக்கா.) உன் தீவில் தொலைபேசி எடுக்காதது ஒரு விதத்தில் நல்லது. ஊரில் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நடந்ததை நீ என்னிடம்தான் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை நம் தீயணைப்புக் கொட்டகைக்குப் புது வண்டி வந்தது. இத்தனை வருடம் நிதி திரட்டக் கோழி சுட்டு விற்றே வாங்கிய வண்டி என்பதால் டாபி அதற்குச் சிவப்புக் கோழி என்று பெயர் வைத்துவிட்டான், அப்பாகூட இப்போது அப்படித்தான் சொல்கிறார். புது வண்டி வந்தால் நடக்கும் சடங்குப்படி பக்கத்து ஊர் வண்டிகளெல்லாம் வந்து வரிசையாக நின்று தங்கள் தொட்டித் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கோழியைக் குளிப்பாட்டின, ஊரே நனைந்து சிரித்தது. மதியம் முழுக்க ஹாரன் சத்தம்தான். டாபி ஒவ்வொரு வண்டியாக ஏறி ஹாரன் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான், டிரைவர்களும் அவனோடு போட்டி போட்டார்கள், காது செத்துவிட்டது. பிறகு சடங்கின் கடைசியாக எல்லாருமாகப் புது வண்டியைக் கையால் தள்ளிக் கொட்டகைக்குள் ஏற்ற வேண்டுமல்லவா, தொட்டி நிரம்பியிருந்தால் அசையாது என்று உன் அப்பா காலையிலேயே முக்கால் தொட்டித் தண்ணீரைத் திறந்து விட்டிருந்தார், உள்ளே ஏற்றியதும் நிரப்பிக்கொள்ளலாம் என்று. வண்டி ஓட்டுவதும் பம்பைப் பார்ப்பதும் என் பொறுப்பல்லவா, நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன். வண்டியின் பின்பாதி உள்ளே போயிருக்கும், சைரன் ஊதியது. மேட்டுப் பண்ணையில் ஆர்வில் கிரைடரின் வீட்டுச் சமையலறையில் தீ. அப்பாவும் தீவனக் கடை ட்வைட்டும் உடுப்பை மாட்டிக்கொண்டே ஏறினார்கள். தொட்டியில் கால்வாசிதானே இருக்கிறது என்று நான் கேட்டேன், கேட்காமல் இல்லை. அதுக்கென்ன லோர்னா, பின்னாடியே எட்டு வண்டி வருது, எடு நீ, என்றார் உன் அப்பா.

போய்ச் சேர்ந்தபோது சமையலறை ஜன்னலில் புகை கறுப்பாகச் சுருண்டு வந்துகொண்டிருந்தது. நான் பம்பைப் போட்டேன், குழாய் விறைத்தது, இரண்டு பேரும் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு குழாய் முனையைப் பிடித்தபடி உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் முதல் வண்டி வந்தது, பக்கத்து ஊர் ஏர்லுடையது. ஏர்ல், தண்ணி கொடு, என்று கத்தினேன். ஏர்ல் இறங்கி நின்று, ஏங்கிட்ட ஏது, எல்லாத்தையும் உன் கோழி தலைலதானே ஊத்தினேன், பின்னால வர்றவன்கிட்ட கேளு, என்றான். பின்னால் வந்தவன், முன்னால போனவங்ககிட்ட இருக்கும்னுல்ல நெனச்சேன், என்றான். மூன்றாவது வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றித் தலையில் அடித்துக்கொண்டான். எட்டு ஊர் வண்டியும் சொட்டுத் தண்ணீர் இல்லாமலே நமக்குத் தண்ணி காட்டிவிட்டது, மார்லா. என் எதிரே பம்பின் பலகையில் தொட்டித் தண்ணீரின் அளவைக் காட்டும் பச்சை விளக்குகள் அணைந்து ஒற்றைச் சிவப்பு மட்டும் சிமிட்ட ஆரம்பித்தது.

கீழே மாட்டுக்கொட்டிலை ஒட்டிய குட்டையில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் உறிஞ்சு குழாயை இறக்கிப் பூட்டி அங்கிருந்து இழுக்க நேரமாகும். எல்லாரும் குழாயோடு சரிவில் ஓடினார்கள். குழாய் நுனியில் மாட்ட வேண்டிய வடிகட்டி இன்னும் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்ததாம். (பின்னால் வந்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து, அதைப் பல்லால் கிழித்தவன் அடியேன். ருசி சுமார்.) உள்ளே இருப்பவர்களை வெளியே கூப்பிடுவதற்கு நான் ஹாரனை விடாமல் நீளமாக இழுத்தேன். யாரும் வரவில்லை. மறுபடியும் இழுத்தேன். அந்தச் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும் என்று எத்தனை செவ்வாய்க்கிழமை பயிற்சி செய்திருக்கிறோம்! அப்பா கேட்டாராம். டாபி பய மறுபடி ஆரம்பிச்சுட்டான்னு நெனச்சேன், என்று பிறகு சொன்னார். இதை எழுதும்போது டாபி தலையை நிமிர்த்தவே இல்லை. (நிமிர்த்தினேன். எழுத்து தெரியவில்லை, குனிந்துகொண்டேன்.) ரேடியோவில் கூப்பிடலாமென்றால் எட்டு ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் தண்ணி தண்ணி என்று கத்திக்கொண்டிருந்தார்கள், என் குரல் அதில் எங்கே ஏறும்.

அப்போது எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வேன். அவர் தீயை அணைக்கிறார், தண்ணீர் தீர்ந்தால் தீ அவரை அணைத்துக்கொள்ளும். கடைசிச் சொட்டு வரை விட்டால் குழாய் தொய்ந்துபோகும், அவர் விஷயம் புரிந்து திரும்புவார்தான், ஆனால் திரும்பும் வழியை நனைக்க ஒன்றும் மிச்சமிருக்காது. இருக்கும்போதே நான் நிறுத்திவிட்டால்? கையில் குழாய் செத்ததும் அவருக்குப் புரியும், அதற்கு ஹாரன் வேண்டாம், ரேடியோ வேண்டாம். வழிக்குக் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அந்த நிமிடம் அவர் முகத்துக்கு நேரே தீ இருந்தால்? யாரையும் கேட்கவில்லை, கேட்க யாரும் இல்லை. புது வால்வு, திருகவே வரவில்லை, முழு உடம்பையும் கொடுத்துத் திருகினேன், அப்போதுதான் மணிக்கட்டு போனது. அடைத்துவிட்டேன், மார்லா. உள்ளே உன் அப்பா இருக்கும்போது என் கையாலேயே தண்ணீரை அடைத்துவிட்டேன்.

புல்லில் குழாய் தட்டையாகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலைப் பார்க்கத் தைரியமில்லை. பிறகு அது மெல்லப் பின்னோக்கி இழுபட்டது, யாரோ பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். உடனே இடது கையால் திறந்துவிட்டேன். முதலில் ட்வைட் தவழ்ந்து வந்தான், அவன் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு அப்பா. முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எவன்டா தண்ணிய நிறுத்தினது, என்று கத்தினார். நான்தான் என்றேன். பலகையில் சிவப்பு விளக்கும் அணைந்திருந்ததைப் பார்த்தார், படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் பேச வாயெடுக்கும் முன் உள்ளே சமையலறைக் கூரை மொத்தமாக இறங்கிய சத்தம் கேட்டது. குட்டைத் தண்ணீர் அதற்கப்புறம்தான் வந்தது. ஆர்வில் வீட்டில் பாதி மிஞ்சியிருக்கிறது, ஆள் சேதமில்லை. இனி விருந்தாளி வண்டிகளில் குறைந்தது இரண்டு வண்டியாவது தொட்டி நிறையத் தண்ணீரோடு நிற்க வேண்டும், ஹாரனை யாரும் விளையாட்டுக்குத் தொடக்கூடாது என்று சீஃப் வெர்னன் உத்தரவு போட்டிருக்கிறார்.

எல்லாரும் வந்து பாராட்டிவிட்டு, இனிப்புப் பலகாரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. பாத்திரம் கழுவினால் குழாயை அடைக்கக் கை வருவதில்லை, டாபியைக் கூப்பிட்டு அடைக்கச் சொல்கிறேன். (ஒரு நாளைக்கு எத்தனை முறை தெரியுமா? எனக்கும் சம்பளம் வேண்டும்.) பம்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வெர்னனிடம் சொல்லிவிட்டேன். அதற்கு உன் அப்பா எல்லார் முன்னாலும், அவ பம்புல இல்லன்னா நான் உள்ள போகமாட்டேன், என்று சொல்லிவிட்டார். டாபிக்கு ஒரே கொண்டாட்டம், அப்ப நீ நிக்காதம்மா, அப்பா வீட்டோட கெடப்பாரு, என்கிறான். எனக்கும் அந்த ஆசை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவர் பேச்சு அடுத்த சைரன் வரைக்கும்தான் என்பது உனக்கே தெரியும். ஓடிவிடுவார். பம்பில் பக்கத்து ஊரிலிருந்து ஏர்லைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். ஏர்ல் தங்கமான மனிதன், உள்ளே இருப்பவன் பாவம் என்று கடைசிச் சொட்டு வரைக்கும் கொடுத்துவிடுவான். அதை நினைத்ததும் வெர்னனைக் கூப்பிட்டு நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கட்டை அவிழ்த்ததும் பயிற்சிக்குப் போகிறேன். வால்வு முரண்டு பிடித்தால் பிடிக்கட்டும், இரண்டு கையாலும் திருகுகிறேன்.

நீ தங்கும் விடுதியில் வெளியே போகும் கதவு எந்தப் பக்கம் என்று இன்றே பார்த்து வை, புகை மணிக்குப் புது பேட்டரி போடு, கடையில் தீர்ந்துவிட்டது என்ற கதையெல்லாம் வேண்டாம். கம்பளி சாக்ஸ் தனியாக அனுப்பியிருக்கிறேன். கடவுள் உன்னைக் கதகதப்பாக வைத்திருக்கட்டும், கதகதப்பாக மட்டும்.

இடது கையால் கையெழுத்திடும்,
உன் அம்மா லோர்னா