இருபத்து மூன்று அவுன்ஸ்

ஜனவரி 9

என் கணவர் ராய்ஸ், தீவன ஆலைக்குக் கிளம்பிய பிறகுதான் கைக்கு ஐஸ் வைத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை கன்றிப் போயிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அவர் ஆசையாக வாங்கித் தந்த ரிவால்வர் செய்த வேலை இது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவ்வளவு அழகு. பன்னிரண்டு அவுன்ஸ்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. "கைப்பை கனக்குதுன்னு எப்பவும் புலம்புவியே, அதான் கடையில இருக்கிறதிலேயே லேசா ஒண்ணு கேட்டேன்" என்றார். என் புலம்பலை இவர் காதில் வாங்குகிறார் என்பதே எனக்குச் செய்தி.

ஞாயிறு மதியம் கொல்லை மேட்டில் சுட்டுப் பார்த்தேன். முதல் குண்டுக்குக் கண்ணில் நீர். இரண்டாவதற்குக் கண்ணையே மூடிக்கொண்டேன். மூன்றாவதைச் சுடவில்லை. ராய்ஸ் கைதட்டினார், நான் சிரித்து வைத்தேன்.

ஜனவரி 10

ஏரிப் பக்கம் காலி வீடு ஒன்றைக் காட்டச் சொல்லி அழைப்பு. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் கென்ட்ராவிடம் தள்ளிவிட்டேன். இதோடு ஆறு வீடு தள்ளியாயிற்று.

ஜனவரி 12

அக்டோபரைப் பற்றி இதுவரை இதில் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலி வீடு, பக்கத்தில் ஆளில்லை. வாங்க வந்தவன் நல்ல உடுப்பில் இருந்தான், பேச்சும் மரியாதையாக இருந்தது. மாடிப் படுக்கையறையைக் காட்டும்போது கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டான். என்னைத் தொடவில்லை. தன் மனைவி எப்படி விட்டுப் போனாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கைப்பையும் போனும் கீழே சமையலறை மேடைமேல். நான் என்ன செய்தேன்? அலமாரியின் அகலத்தைச் சொன்னேன். ஜன்னல் எல்லாம் புதுசு என்றேன். கதவைத் திற என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்தவரை முகம் சுளிக்க வைக்கக் கூடாது என்றுதானே இந்த ஊரில் பெண் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். கேஸ் லாரி ஒன்று வாசலில் வந்து நின்ற பிறகுதான் சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

போகும்போது வந்ததுக்கு நன்றின்னு சொன்னேன். சொல்லிட்டு என் கார்டையும் குடுத்தேன். குடுத்தேனே!

இருபத்திரண்டு வருடமாக இந்த மாவட்டத்தில் வீடு விற்கிறேன். இப்போது ஆள் குடியிருக்கும் வீடுகளை மட்டும் காட்டுகிறேன். காடிஸ், எங்கள் முதலாளி, வசந்தம் வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் வசந்தத்தில் விற்பதில் பாதி காலி வீடுதான். அதற்குள் துணிச்சல் வராவிட்டால் நான் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

ஜனவரி 14

இன்று தெரிந்துகொண்டதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ட்வைலா துப்பாக்கி வைத்திருக்கிறாள்.

ட்வைலா, ராய்ஸின் தங்கை. என் நாத்தனார். தேவாலயத்தில் பியானோ வாசிக்கிறவள், ஈயைக்கூட அடிக்காமல் ஜன்னலைத் திறந்து வழி காட்டுகிறவள். ஆராதனை முடிந்து கோட்டு மாட்டும்போது என் கையைப் பார்த்தாள். கார் கதவில் நசுக்கிக்கொண்டேன் என்றேன். வண்டி நிறுத்துமிடத்தில் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"கார் கதவு இல்ல அது. எங்க அண்ணன் வாங்கிக் குடுத்த அந்த இறகு மாதிரி சனியன்தானே? ஊர்ல எல்லாப் புருஷனும் இதையேதான் பண்றான். பொண்டாட்டி சின்னதா இருக்கா, சின்னதா ஒண்ணு குடுங்கன்னு கேக்குறது. துப்பாக்கி எவ்வளவு லேசோ, சுடும்போது பின்னால வர்ற உதை அவ்வளவு பலம். அந்தக் கனம் தாங்காததை எல்லாம் உன் கைதானே தாங்கணும்?"

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். கோட்டின் வலப்பக்கத்தை லேசாக விலக்கிக் காட்டினாள். பதினாறு வருடமாம்! எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை பந்தி, எத்தனை கட்டிப்பிடிப்பு. யோசித்தால் இவள் எப்போதும் இடது பக்கமாகத்தான் கட்டிப்பிடிப்பாள். வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 18

வியாழன் மாலை சுடுதளத்தில் பெண்கள் மட்டும் கூடுகிறார்கள். ட்வைலா என்னை இன்று கூட்டிப்போனாள். ஒரு மேசையில் மூடிவைத்த பண்டங்கள்: கோழி கேசரோல், அவித்த முட்டையில் மசாலா அடைத்தது, வாழைப்பழப் புட்டிங். எதிர் மேசையில் அவரவர் துப்பாக்கி, குண்டில்லாமல் வயிற்றைத் திறந்துவைத்து, பெயரெழுதிய டேப் ஒட்டி. யாருடையதையும் யாரும் சுட்டுப் பார்க்கலாம், குண்டு மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். செருப்பைக்கூட நடந்து பார்த்துத்தானே வாங்குகிறோம் என்கிறாள் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒருத்தி.

முதலில் ஒரு தானியங்கிப் பிஸ்டல். மெலிந்தது, தட்டையாக இடுப்போடு ஒட்டிக்கொள்ளும், பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் மேல்பாகத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்க என் கட்டைவிரல் மூட்டு ஒத்துழைக்கவில்லை. ஈர ஊறுகாய் ஜாடியோடு மல்லுக்கட்டுவது போல நான் நின்றதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

பிறகு ட்வைலாவுடையது. எஃகு. இருபத்து மூன்று அவுன்ஸ். குட்டைக் குழல், ஆறு குண்டு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல் இல்லை, அது உடம்புக்குள்ளேயே மறைந்திருக்கிறது. அதனால் உருவும்போது துணியில் மாட்டாது. நெம்ப வேண்டிய பிடியோ இழுக்க வேண்டிய பாகமோ எதுவும் கிடையாது. விசையை அழுத்தினால் உருளை சுழன்று அடுத்த குண்டு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து, பயந்துபோன ஒரு மனுஷிக்கு எதுவும் ஞாபகம் இருக்காது என்று யோசித்துச் செய்தது போல இருக்கிறது. அந்த ஆளைக் கும்பிடலாம்.

ஆனாலும் என் குண்டுகள் கீழேயே போயின. ட்வைலா எனக்குத் தெரியாமல் நடுநடுவே வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தாள். அழுத்தினேன், 'டிக்' என்றது, உதை வரப்போகிறதென்ற பயத்தில் குழல் மட்டும் தரையைப் பார்த்துக் குனிந்தது.

"ஒண்ணுமே வெடிக்கலையே, யாருக்கு வணக்கம் சொல்ற?" என்றாள்.

இப்படி இருபது தடவை வணக்கம் சொன்னேன். கடைசி நாலைந்தில் குழல் அசையவில்லை. அப்போது அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி புட்டிங் வைத்தாள். பியானோ வாசிக்கும்போது இருக்கிற அதே முகம்.

ஜனவரி 19

கை வலிக்கவில்லை. இன்று காலை ஐஸ் எடுக்கவில்லை.

ஜனவரி 27

ராய்ஸுக்குத் தெரிந்துவிட்டது. பரிசை எடுத்துக்கொண்டு ஏன் வியாழக்கிழமை போவதில்லை என்று கேட்டார். மழுப்பினேன். அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். ஒரு வெடிச்சத்தம். இரண்டாவதற்காகக் காத்திருந்தேன், வரவில்லை.

உள்ளே வந்து ரிவால்வரைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். கையை உதறிக்கொண்டே நின்றார். "இதையா உன் கையில குடுத்தேன்? மூணு வாரமா வாயத் திறக்காம இருந்தியே, மார்லா" என்றார். ஆசையா வாங்கினீங்களே என்றேன். "நான் ஆசையா விஷம் வாங்கினாலும் குடிப்பியா?"

அக்டோபரை அப்போதுதான் முழுதாகச் சொன்னேன். நன்றி சொன்னது, கார்டு கொடுத்தது உட்பட. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து கன்றியிருந்த என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நல்ல மனுஷனைத்தான் கட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 3

ஓடெலின் துப்பாக்கிக் கடையில் ராய்ஸ், ட்வைலா, நான், மூன்று பேரும். ஓடெல் வழக்கம்போல என்னைப் பார்க்காமல் ராய்ஸைப் பார்த்தே பேசினார், லாவெண்டர் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். மகளிர் விரும்பி வாங்குவதாம். கனம் எவ்வளவு என்று கேட்டேன். பெருமையாகப் பதிமூன்று என்றார்.

"உங்க பொண்டாட்டி இதத்தான் வச்சிருக்காங்களா?" என்றேன்.

ஓடெல் தாடியைத் தடவினார். பிறகு லாவெண்டரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அதன்பின் மனுஷன் தங்கம். என் கையை அளந்து பார்த்தார், விசையில் விரல் எந்த மூட்டில் படுகிறது என்று பார்த்தார், கைப்பிடியில் ரப்பரை மாற்றிப் போட்டார். எடுத்தது கடைசியில் ட்வைலாவுடையதற்குக் கூடப்பிறந்தது போன்ற ஒன்றைத்தான். எஃகு, குட்டைக் குழல், மறைந்த சுத்தியல். உதை குறைந்த .38 குண்டு. ராய்ஸின் பரிசை ஓடெலே மாற்றாக எடுத்துக்கொண்டார். இதை எவன் வாங்கப் போகிறான் என்று ராய்ஸ் கேட்டதற்கு, இன்னொரு புருஷன் வருவான் என்றார்.

பிப்ரவரி 17

வாங்குவது எளிது, சுமப்பதுதான் கஷ்டம்.

கைப்பையில் வைக்க மாட்டேன், அது மேடைமேல் கிடந்த லட்சணத்தை ஒருமுறை பார்த்தாயிற்று. கணுக்காலில் கட்டினால் நொண்டுகிறேன். இடுப்பில்தான். ஆனால் என்னிடமுள்ள கால்சட்டைகளில் பாதிக்கு பெல்ட் மாட்ட வழியே இல்லை, மீதிக்கு ரிப்பன் மாதிரி ஒன்று. இருபத்து மூன்று அவுன்ஸை மாட்டியதும் வலப்பக்கம் சரிந்து, நிதி நிறுவன வாசலில் ராய்ஸ் என் கால்சட்டையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. ட்வைலா கெட்டியான தோல் பெல்ட் ஒன்று கொடுத்தாள். இப்போது நிமிர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை. நின்றுகொண்டே எழுதினால் என் கையெழுத்தும் நேராக வருமோ.

பிப்ரவரி 22

வியாழன். பதினைந்து குண்டில் பதிமூன்று, குறிக்கு வைத்த காகிதத் தட்டுக்குள். நான் பூரித்துப்போய் நிற்க, ட்வைலா பக்கத்தில் வந்தாள். அவள் சத்தமாகப் பேசினால் பாட்டுப் பயிற்சியில்தான். இன்று வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னாள்.

"நல்லா சுடுற. இப்ப கேளு. இது இடுப்புல இருக்கிற வரைக்கும் நீ யார்கூடவும் மல்லுக்கு நிக்கக் கூடாது. எங்க மனசு நெருடுதோ அங்கேருந்து கிளம்பிடணும். அவங்க என்ன நினைப்பாங்கன்னு பாக்கக் கூடாது. பதினாறு வருஷத்துல நான் இத ஒரு தடவகூட வெளிய எடுத்ததில்ல. ஆனா பதினாறு வருஷமா எங்கேயும் தேவைக்கு மேல நின்னதில்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். எத்தனை விருந்துகளில் இவள் சட்டென்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்! ஒட்டாதவள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவளைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 5

அக்டோபருக்குப் பிறகு முதல் காலி வீடு. இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. மாடியில் அவர்கள் பேசிக்கொண்டிருக்க நான் கதவோரமே நின்றேன். முதுகெல்லாம் வியர்வை. இருந்தாலும் போனேன்.

மார்ச் 21

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

பண்ணை வீடு, காலி. வந்தவர் ஒருவர், ஐம்பது இருக்கும், கையில் பைபிள் கல்லூரி மோதிரம். வீட்டைப் பார்த்தார், திருப்தி. கொல்லையில் சூறாவளிக்குப் பதுங்கும் நிலவறை இருக்கிறது. மூடியைத் தூக்கினார். உள்ளே இருட்டு.

"நீங்க முன்னாடி இறங்குங்க. விளக்கு எங்க இருக்குன்னு காட்டுங்க" என்றார்.

ஒற்றைப் படிக்கட்டு, ஒரே மூடி. என் வாய் தானாக 'மன்னிச்சுக்கோங்க' என்று ஆரம்பிக்கப் போனது. தெரிந்தது, நாக்கில் அந்த வார்த்தையின் வடிவமே தெரிந்தது. விழுங்கினேன்.

"இல்ல. நான் இறங்க மாட்டேன். நீங்க பாத்துட்டு வாங்க."

"என்னம்மா, என்னப் பாத்தா பயமா இருக்கா?"

"நான் ரோட்டுல, என் வண்டிகிட்ட நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஓடவில்லை. திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கை இடுப்புப் பக்கம் போகவில்லை, போக வேண்டிய தூரத்தில் நான் நிற்கவே இல்லை.

மார்ச் 22

அவர் அலுவலகத்துக்குப் போன் செய்து, மரியாதை தெரியாத பெண் என்று புகார் சொல்லியிருக்கிறார். காடிஸ் என்னை உள்ளே கூப்பிட்டு, ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிடலாமே என்றார். முடியாது என்றேன். இனிமேல் யாராக இருந்தாலும் முதலில் அலுவலகத்துக்கு வந்து முகத்தையும் அடையாள அட்டையையும் காட்டட்டும், பிறகு வீட்டைக் காட்டுகிறேன் என்றேன். காடிஸ் பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில், எல்லாருக்கும் அதையே வைத்துவிடலாம் என்றார்.

அந்த மனிதர் நல்லவராகவே இருக்கலாம். பாவம், உண்மையிலேயே விளக்கு தெரியாமல் கேட்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை.

ஏப்ரல் 4

கென்ட்ராவிடம் தள்ளிவிட்ட வீடுகளைத் திரும்பக் கேட்டேன். இருபத்தாறு வயது, எதற்கும் சிரிக்கிற பெண். மேசை இழுப்பறையிலிருந்து சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மில் கிரீக் வீட்டுச் சாவியை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மார்லா, நீங்க இடுப்புல வச்சிருக்கிறது என்ன வகை?" என்றாள். சிரிக்கவில்லை.

ஏன் என்றேன்.

"பிப்ரவரியில இந்த வீட்டுல ஒருத்தன். பாத்ரூம்ல பூட்டிக்கிட்டு, போன்ல பேசுற மாதிரி சத்தமா பேசிக்கிட்டே இருந்தேன். அவன் கார் கிளம்புற வரைக்கும். அதுல சார்ஜே இல்ல."

பிப்ரவரி. நான் பெல்ட்டோடு மல்லுக்கட்டிச் சிரித்துக்கொண்டிருந்த பிப்ரவரி. நான் போக மாட்டேன்னு குடுத்த வீடு. ஏன் குடுக்கிறேன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொன்னேனா? இல்ல.

அவள் கையிலிருந்து சாவியை வாங்கி என் பையில் போட்டேன். அக்டோபரில் எனக்கு நடந்ததை, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அவளுக்கு முதலிலிருந்து சொன்னேன். அவள் அழுது முடித்து முகம் கழுவி வந்த பிறகு, கடையில் போய் எதையும் வாங்கிவிடாதே, யார் பரிசாகக் கொடுத்தாலும் வாங்காதே என்றேன்.

இன்று வியாழன். ஐந்தரைக்கு அவளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறேன். வெற்றுத் தோட்டாக்களைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வரும்படி ட்வைலாவுக்குச் சொல்லியாயிற்று.