வௌவால் இறக்கையும் நான் சொன்ன பொய்யும்

சண்டை போட ஆள் இல்லாமல் செய்துவிட்டுப் போன என் அன்பு அண்ணனுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. நாளை கல்லறைத் திருநாள். பினாங்கில் இருக்கிற நம் ஆட்கள் எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். உங்கள் குழிமேட்டுக்கு நான் சுண்ணாம்படித்தாயிற்று. ஆனால் நாளை எந்த முகத்தோடு உங்கள் முன்னால் வந்து நிற்பேன்? ஒரு பொய் சொல்லித்தானே உங்களை சாமியார் மந்திரித்த அந்தக் கல்லறை மண்ணில் படுக்கவைத்தேன்.

உங்களுக்குத் தெரியாது. பங்குச் சாமியார் மழையில் ரிக்ஷா பிடித்து வந்து சேர்வதற்குள் உங்கள் மூச்சு நின்றுவிட்டது. நனைந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல் என்னைக் கேட்டார்: "மனிதன் மிருகத்திலிருந்து வந்தான் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னானே, அதை விட்டானா? விடாமல் செத்திருந்தால் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் குழி."

நான் என்ன செய்வேன், அண்ணே? "விட்டுட்டாரு சாமி. சர்வேசுரன் களிமண்ணாலதான் ஆதாமைச் செஞ்சாருன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு" என்றேன். நீங்கள் கடைசியாகச் சொன்னதோ, "அந்த டின்ல எறும்பு ஏறாம பார்த்துக்கம்மா" என்பதுதான்.

பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்தில் செத்துக் கிடந்த பெரிய வௌவாலைத் தூக்கிவந்து, என் மீன்குழம்புச் சட்டியில் அவித்து, இறக்கை எலும்பை எடுத்துப் பிஸ்கட் டின்னில் வைத்தீர்களே, அந்த டின். சட்டியைப் பாழாக்கியதற்கு நான் இன்னும் உங்களை மன்னிக்கவில்லை.

"எண்ணிப் பாரு, இறக்கைக்குள்ள அஞ்சு விரலு. நம்ம கை மாதிரியே. ரெண்டு பேரும் சொந்தக்காரங்க" என்றீர்கள்.

"ஒரே குயவன் செஞ்ச சட்டியெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அதுக்காக ஒரு சட்டியை இன்னொரு சட்டி பெத்துச்சா?" என்றேன்.

"சட்டி குட்டி போடாது. வௌவால் போடும்லா" என்று சிரித்தீர்கள்.

அந்தச் சண்டையில் ஜெயித்தது நீங்கள்தான். ஆனாலும் நான் நம்புவது ஆதாமைத்தான். உங்களிடம் மறைப்பானேன்?

பொய் நம் வீட்டோடு நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சாமியார் அறிவித்துவிட்டார். நாளை குழிகளை மந்திரிக்கும்போது உங்கள் தலைமாட்டில் நின்று, நீங்கள் மனம் மாறிய கதையை எல்லாருக்கும் சொல்வாராம். அந்த எலும்பையும் நான் கொண்டுவந்து அங்கேயே புதைக்க வேண்டுமாம்.

அன்று மாலையே சவரிமுத்து வாத்தியார் வந்தார். உங்கள் வகுப்பை இப்போது அவர்தான் எடுக்கிறார். உங்கள் பாடத்தையும் விடவில்லை. இனிமேல் அதைச் சொல்லமாட்டேன் என்று எழுதிய தாளைப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் கையெழுத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அக்கா, அண்ணே நெசமாவே அப்படிச் சொன்னாரா? அவரே விட்டுட்டாருன்னா நான் எதுக்குலா பிடிச்சிக்கிட்டு நிக்கணும்? வர்ற திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடுறேன்."

"காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

ஐந்து நாளாக இதையேதான் யோசித்தேன். அவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். சொன்னால், நீங்கள் மனம் மாறியதாக நம்பும் ஊரார் முன்னால் அவர் ஒருவர்தானே பிடிவாதக்காரராக நிற்பார்? பிறகு ஒரு தந்திரம் தோன்றியது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய்ச் சொல்லிவிட்டால்? அங்கே கேட்டதைச் சாமியார் வெளியே விடவும் கூடாது, அதை வைத்து உங்களைத் தோண்டி எடுக்கவும் கூடாது. அதற்குப்பிறகு கதை சொல்லவும் அவருக்கு மனம் வராது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று மத்தியானம் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதைக் கேட்காதவன்போல்தான் நான் நடக்க வேண்டும்" என்றார் சாமியார், தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து. "நாளை பேச மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. பொய்யைப் போட்டவள் நீ. எடுக்க வேண்டியவளும் நீயே. எடுத்துவிட்டு வா, மன்னிப்புத் தருகிறேன்."

"வெளியில சொன்னா அண்ணனை என்ன செய்வீங்க, சாமி?"

"வெளியில் சொன்னால், வெளியில் பதில் சொல்வேன்."

எனக்குப் பயமாக இருக்கிறது. குழியைத் தோண்டும் மண்வெட்டிச் சத்தம் இப்போதே காதில் கேட்கிறது. நீங்கள் சொன்னது தப்பு என்று சர்வேசுரன் முன்னாலும் வாதாடுவேன். ஆனால் நீங்கள் சொல்லாததை உங்கள் வாயில் வைக்க நான் யார்? உயிரோடிருந்தபோது உங்களிடம் தோற்றவள், பிணத்திடம் ஜெயித்துக்கொண்டேனே, வெட்கமாக இல்லையா எனக்கு?

நாளை அவர் வாயைத் திறக்குமுன் நான் திறப்பேன். டின்னை எல்லார் கண்ணெதிரிலும் சவரிமுத்து கையில் கொடுப்பேன். உங்களை வேலிக்கு வெளியே மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றட்டும். பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் விடச் சொல்லி அங்கேயே கேட்டுவைப்பேன், இது சத்தியம். நம் சண்டைதான் இன்னும் முடியவில்லையே.

ஆதாமையும் விடாத, உங்களையும் விடாத
உங்கள் தங்கை
ஞானம்மாள்